பழைய நாடா, புதிய தட்டு: வாசகர் கேள்வி – பதில்

மீள்பதிப்பாக வரும் இசைத்தட்டுகளையும் இறுவட்டுகளையும் ஒலித்தரத்துக்காகத் தேடிச் சேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறுக்கு இம்முறை பதில் தருகின்றேன். ஒரே விடயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

1980களின் பிற்பகுதியில் கொழும்பில் வாங்கிய சில மேல்நாட்டு இறுவட்டுகள் என்னிடம் உள்ளன. லண்டனில் இருக்கும் மகன், அவற்றின் ‘ரீமாஸ்ரர்’ செய்யப்பட்ட, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த, புதிய பதிப்புகளை வாங்கி அனுப்பினார். போட்டவுடன் புதியதே நன்றாக இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் நான்காவது பாட்டு வருவதற்குள் தலை இடிக்கத் தொடங்கி, எழுந்து போய் ஒலியைக் குறைத்துவிடுகிறேன். மகனிடம் சொன்னால், ‘அப்பாவுக்கு வயது போய்விட்டது’ என்கிறார். குறை காதிலா, தட்டிலா? (வாசகர், நல்லூர்)

பெரும்பாலும் தட்டில்தான். மகனுக்கு இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

இறுவட்டில் பதியப்படும் ஒலிக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அதற்கு மேல் ஓர் எண்ணைக்கூட அதில் எழுத இயலாது. அந்த எல்லைக்குக் கீழே, மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 96 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) இடைவெளியை, ஒவ்வோர் அளவையும் 16 இரும இலக்கங்களால் எழுதும் 16 பிட் இறுவட்டு தாங்கும். 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்த காலத்தில், பொறியியலாளர்கள் எல்லைக்குக் கீழே தாராளமாக இடம் விட்டுப் பதிந்தார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இந்த வழக்கம் மாறிற்று. வானொலியிலும் காரிலும் தமது பாட்டு மற்றவரின் பாட்டைவிட உரத்துக் கேட்க வேண்டும் என்று கம்பனிகள் விரும்பின. எல்லையை உயர்த்த வழியில்லாததால், உச்சங்களை அமுக்கிவிட்டு மிகுதி முழுவதையும் மேலே தூக்கினார்கள்.

இதனால் என்ன போயிற்று என்பதை நல்லூரில் இருக்கும் உங்களுக்கு விளக்குவது சுலபம். திருவிழாக் காலத்து மேளச் சமாவில் தவில் தனி நடக்கும்போது, வித்துவான் ஓரிடத்தில் விரல் நுனியால் மட்டும் சொற்களை உதிர்த்து, கூட்டம் முழுவதையும் மூச்சடக்கி முன்னே குனிய வைத்துவிட்டு, அடுத்த ஆவர்த்தனத்தில் முழுக் கையையும் இறக்குவார். அந்த அடி நெஞ்சில் விழுவதற்கு, அதற்கு முன்பிருந்த தணிவே காரணம். அதே வாசிப்பை இக்காலத்து ‘ரீமாஸ்ரர்’ செய்பவர் ஒருவரிடம் கொடுத்தால், விரல் நுனியையும் முழுக் கையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். முதல் நிமிடத்தில் எல்லாம் துலக்கமாகக் கேட்பது போல இருக்கும். பிறகு, ஓய்வே கிடைக்காத செவி களைத்துப்போகும். உங்களுக்கு நான்காவது பாட்டில் வருவது அந்தக் களைப்புத்தான்.

2008இல் வெளிவந்த, மெற்றாலிக்கா என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ இறுவட்டு இந்தப் போக்கின் உச்சம் எனலாம். அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டிலும் இடம்பெற்றிருந்தன. விளையாட்டில் இருந்த பதிவு இறுவட்டில் இருந்ததைவிடத் திறந்து ஒலிப்பதைக் கண்ட இரசிகர்கள், இறுவட்டைத் திருத்தி வெளியிடுமாறு ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுக் கேட்டார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழையது, புதியது இரண்டிலும் ஒரே பாட்டைக் கணினியில் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிற்றி மென்பொருளில் திறந்து பாருங்கள். பழையதன் அலைவடிவம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். புதியது, தலையைச் சமமாக வெட்டிக் கட்டிய கிடுகு வேலி போல ஒரே மட்டமாக நின்றால், உங்கள் காது சொன்னது சரி. அதன் பிறகு, புதியதன் ஒலியளவைப் பழையதன் அளவுக்குக் குறைத்துவிட்டு இரண்டையும் மாறிமாறிக் கேளுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் ஒப்பீடே பிழைத்துவிடும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக்கூட நமது செவி ‘நல்லது’ என்றுதான் எடுத்துக்கொள்கிறது. கடைகளில் பெட்டி விற்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

ஆனால் எல்லாப் புதிய பதிப்புகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். பீற்றில்ஸ் குழுவின் பாட்டுகள் 1987இல் முதன்முறையாக இறுவட்டுகளாக வந்தன. 2009இல் வந்த மறுபதிப்புக்காக அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். அதில் இரு பக்கமும் வெவ்வேறு ஒலி வரும் ஸ்ரீரியோத் தொகுப்பை ஓரளவே அமுக்கினார்கள்; இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மொனோத் தொகுப்பை அமுக்கவே இல்லை. அவற்றை நான் விரும்பியே கேட்கிறேன்.

ரீமாஸ்ரர், ரீமிக்ஸ், மீள்பதிப்பு: இவை மூன்றும் ஒன்றா? (மாணவி, கோண்டாவில்)

ஒன்றல்ல. பல தடங்களில் தனித்தனியே பதிந்த குரலையும் வாத்தியங்களையும் மீண்டும் புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ். ஏற்கெனவே கலந்து முடித்த மாஸ்ரர் நாடாவை எடுத்து, அதன் ஒலிச் சமநிலையையும் அளவையும் மட்டும் சீர்செய்வது ரீமாஸ்ரர். மீள்பதிப்பு என்றால் மறுபடி அச்சிட்டுச் சந்தைக்கு விட்டார்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எந்த உறுதிமொழியும் கிடையாது. பாடகரே வந்து திரும்பப் பாடிப் பதிந்தது நாலாவது வகை; அதைப் பழைய படத்தோடு விற்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தான் பாவித்த றெக்கோட் பிளேயரையும் முப்பது எல்.பி. தட்டுகளையும் அனுப்பியிருந்தார். 230 வோல்ற்றை 120 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கித்தான் பூட்டினேன். ஆனாலும் எந்தப் பாடகி பாடினாலும் ஆண் குரல் போலக் கேட்கிறது. கொழும்பில் காட்டியபோது பெல்ற் தேய்ந்துவிட்டது என்று புதியது போட்டுக் காசும் வாங்கிவிட்டார்கள், மாற்றமில்லை. (வாசகர், மானிப்பாய்)

பெல்ற்றில் பிழையில்லை. கனடாவின் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, எங்களுடையது 50. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றுமே தவிரச் சுழற்சி எண்ணிக்கையைத் தொடாது. பழைய பிளேயர்கள் பலவற்றின் மோட்டர் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே சுற்றுகிறது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு உங்கள் வீட்டில் 27.8 சுற்றுத்தான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடிய அம்மையார் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவார். பாட்டும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக ஓடும்.

மோட்டரின் அச்சில் பெல்ற் ஓடும் சிறிய கப்பி இருக்கும். அதே மாதிரிப் பிளேயருக்கு 50 சுழற்சிக்கான கப்பி தயாரித்திருப்பார்கள். அண்ணாவிடம் மாதிரி இலக்கத்தைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், மோட்டருக்கு 60 சுழற்சி மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும் சாதனங்கள் உண்டு, விலை கூடியவை. நேர் மின்னோட்டத்தில் ஓடும் மோட்டர், குவார்ட்ஸ் கட்டுப்பாடு ஆகியவை உள்ள பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெளிநாட்டு உறவினர் எதையும் அனுப்ப முன்னர், அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது நல்லது. 50/60 என்று இரண்டும் போட்டிருந்தால் கவலையில்லை.

வேகம் பிழைப்பது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிந்த ‘கைண்ட் ஒஃப் புளூ’ தொகுப்பின் முதற் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும், பதிவின்போது பொறி சற்று மெதுவாக ஓடியதால், வெளியான நாளிலிருந்து சுருதி கூடியே ஒலித்துக்கொண்டிருந்தன. அதே வேளையில் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு பொறியின் நாடா கைவசம் இருந்தபடியால், 1992ஆம் ஆண்டு மீள்பதிப்பில் திருத்தினார்கள். மீள்பதிப்பு ஒன்றுக்குக் காசு கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

‘180 கிராம்’, ‘மூல மாஸ்ரரிலிருந்து’ என்றெல்லாம் எழுதி ஒட்டிய எல்.பி. தட்டுகள் மும்மடங்கு விலை. அவை உண்மையில் திறமானவையா? எனக்கு வயது 66. 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் கோப்புகளும் வாங்கலாமா? (இளைப்பாறிய ஆசிரியர், பருத்தித்துறை)

180 கிராம் என்பது தட்டின் நிறை. கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் எடுக்கும்போது மனதுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் எழுதியிருப்பது மோசமென்றால் நிறை அதைத் திருத்தாது.

மூல மாஸ்ரர் என்ற சொல்லைப் பொறுத்தவரை, 2022இல் ஒரு செய்தி வெளிவந்து சேகரிப்பாளர் உலகத்தைக் கலக்கியது. முழுவதும் அனலொக் முறையில், அதாவது ஒலியை எங்குமே எண்களாக மாற்றாமல், ஆனவை என்று பலரும் நம்பி வாங்கிய அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிற்றி நிறுவனத்துத் தட்டுகள் பலவற்றில், மாஸ்ரர் நாடாவை முதலில் டிஜிட்டலாகப் படியெடுத்து அதிலிருந்தே தட்டின் பள்ளங்களை வெட்டியிருந்தது தெரியவந்தது. வழக்கும் தொடரப்பட்டது. இதில் எனக்குச் சிரிப்பு வரவழைத்த விடயம் ஒன்று உண்டு: டிஜிட்டல் ஒலியைக் காதால் கேட்டவுடனே கண்டுபிடித்துவிடுவோம் என்று எழுதிவந்தவர்களில் பலர் அந்தத் தட்டுகளைத்தான் ஆண்டுக்கணக்காக முன்மாதிரியாகக் காட்டிவந்தார்கள். எந்த நாடா, யாருடைய கை என்று சொல்லாத ஒட்டுத்தாளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். தட்டின் கடைசிப் பள்ளத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையே உள்ள வழுவழுப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எழுத்துகளும் இலக்கங்களும் எந்த வெட்டு என்பதைக் காட்டிக்கொடுக்கும். பெரிய சேகரிப்பாளர்கள் உறையைப் பார்த்து வாங்குவதில்லை, அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

192 கிலோஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 192 ஆயிரம் தடவை ஒலியை அளந்து எழுதிய கோப்பு, வேண்டாம். சாதாரண இறுவட்டின் 44.1 கிலோஹேர்ட்ஸே அதன் பாதியான ஏறத்தாழ 22 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கொண்டுவரும். நம் வயதுக்காரரில் பெரும்பாலானோருக்கு 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் செவி மங்கல்தான். உயர்தரக் கோப்பு சிலவேளை உண்மையிலேயே நன்றாக ஒலிக்கும்; அதைத் தனியாக, அமுக்காமல் தயாரித்திருப்பார்கள் என்பதே அதற்குக் காரணம்.

1950களின் திரைப்பாடல்களை ‘டிஜிட்டல் ஸ்ரீரியோ’ என்று போட்ட இறுவட்டுகளில் வாங்கினேன். முன்பு இலங்கை வானொலியில் கேட்ட சுவை இல்லை. வெறும் ஏக்கமா? (வாசகர், சாவகச்சேரி)

ஏக்கமும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. எனினும் உங்கள் இறுவட்டைப் போட்டு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிநடுவே கதிரையைப் போட்டு அமர்ந்து கேளுங்கள். அந்தக் காலத்துப் பாட்டு மொனோவில் பதியப்பட்டது. பாடகர் அசையாமல் நடுவில் நிற்க வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தும், மிருதங்கத்தின் தொப்பி இடப்பக்கமும் சலங்கை வலப்பக்கமுமாகப் பிரிந்தும் கேட்டால், ஒரே ஒலியைக் கனத்ததும் மெல்லியதுமாகப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இதனை 1960களிலேயே மேல்நாட்டில் தொடங்கிவிட்டார்கள். பெருக்கியில் மொனோப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஓரளவு நோய் தீரும். 1980களின் பிற்பகுதியில் பழைய பாட்டுகளின் மேல் புதிய மேளத்தைப் பூசி ‘ஜங்கார்’ என்று விற்ற கசெற்றுகளை நினைவிருக்கிறதா? அதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, மூலம். பத்தங்குல 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். ஆகவே படத்தில் இருந்த சரணம் தட்டில் இல்லாமற் போனதும் உண்டு. படச்சுருளின் ஓரத்திலிருந்து எடுத்த பதிவில் பாட்டு முழுமையாக இருக்கும், ஆனால் உச்ச ஒலிகள் மழுங்கியிருக்கும். நல்ல நிலையில் உள்ள தட்டிலிருந்து, அதற்குரிய பருத்த ஊசியால் எடுத்து, இரைச்சலைச் சிறிது விட்டுவைத்த மீள்பதிப்பையே நான் தேடுவேன். இரைச்சல் முற்றாக இல்லாத 78 சுற்றுப் பதிவைக் கேட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்தத் தட்டுகள் உங்களிடமே இருந்தால் ஓர் எச்சரிக்கை: எல்.பி. துடைக்கும் மதுசாரக் கலவையை அவற்றில் படவிடாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, மதுசாரத்தில் கரைந்துவிடும்.

1980களின் இளையராஜா பாடல்களுக்கு எது நல்லது என்று இருவர் கேட்டிருந்தார்கள். எக்கோ நிறுவனத்தின் எல்.பி. தட்டுகளும், நியூயோர்க்கின் ஓரியன்ரல் றெக்கோட்ஸ் வெளியிட்ட பழைய இறுவட்டுகளும் அமுக்கப்படாதவை. வெளிநாட்டில் உள்ள உறவினர் வீட்டு அலுமாரிகளில் கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

என் தகப்பனார் கோயில் திருவிழாக்களில் பற்றரியில் ஓடும் றெக்கோடரால் பதிந்த பத்துப் பன்னிரண்டு கசெற்றுகள் உள்ளன. இரண்டின் அட்டையில் ‘தெட்சணாமூர்த்தி தவில்’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. இவற்றையும் ‘ரீமாஸ்ரர்’ செய்ய முடியுமா? ஒரு கடையில் இரைச்சலை முற்றாக எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். (வாசகி, அளவெட்டி)

அம்மா, கடையில் இன்னும் கொடுக்கவில்லையென்றால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். உங்களிடம் இருப்பவை வேறு எங்கும் இல்லாத மாஸ்ரர் நாடாக்களாக இருக்கக்கூடும்.

முதலில் கசெற்றின் கண்ணாடி வழியாக நாடாச் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். ஓடவிடாமல் தனியாக வையுங்கள். ஒடியல் காயவிடுவது போல முற்றத்து வெயிலில் பரப்பிவிடாதீர்கள். (பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் 1970களின் சில நாடாக்களை 54 பாகை வெப்பத்தில் மணிக்கணக்காக வாட்டி எடுப்பதாக நீங்கள் வாசித்திருக்கலாம். அது வேறு வகை நாடாவுக்கு, வேறு நோய்க்கு.) அடுத்து, நாடாவின் பின்புறம் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சிறிய கம்பளித் துண்டைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்குப் பசை காய்ந்து அது உதிர்ந்திருக்கும். அதில்லாமல் ஒலி விட்டுவிட்டு வரும். பலர் அதைக் கேட்டு நாடாவே கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். திருகாணி பூட்டிய புதிய கசெற் ஒன்றைக் கழற்றி அதன் கூட்டுக்குள் பழைய நாடாவை மாற்றிவிடலாம்.

ஓடவிடும் பொறியின் முனையை ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். முனையின் அருகே சிறிய திருகாணி ஒன்று இருக்கும். நகை வேலைக்காரரின் திருப்புளியால் அதை இம்மி இம்மியாகத் திருப்பி, நாடாவின் ‘உஸ்’ ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தகப்பனாரின் றெக்கோடரில் முனை எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். எந்த மென்பொருளும் தராத துலக்கம் அந்தக் கால் திருப்பலில் வரும். பிறகு 24 பிட் அளவில், சுருக்காத கோப்பாக, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பதியுங்கள்.

பற்றரி றெக்கோடர் என்று எழுதியிருக்கிறீர்கள். விடிய விடியப் பதியும்போது பற்றரி இறங்க, மோட்டர் மெதுவாகியிருக்கும். அப்படிப் பதிந்ததை நல்ல பொறியில் போட்டால் நேரம் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். பின்னணியில் ஒத்தோ சுருதிப்பெட்டியோ கேட்டால், அதைப் பிடித்துக்கொண்டு வேகத்தைத் திருத்தலாம். 1990களில் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு இந்தச் சுருதி ஏற்ற இறக்கத்தை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் களைத்தால் பாடகரும் களைப்பார்.

இனி இரைச்சல். தட்டலும் வெடிப்பும் நீக்கும் மென்பொருளுக்கு, தவிலின் வலந்தலையில் விரற்கூடு படும் கூரிய ஒலிக்கும் தட்டின் கீறலுக்கும் வேறுபாடு தெரியாது, இரண்டையும் வழித்தெடுத்துவிடும். ‘உஸ்’ ஒலியைக் கடுமையாக நீக்கினால் நாதஸ்வரத்தின் மூச்சும் அதனோடு போய்விடும். கேட்பதற்கு வேண்டுமானால் ஒரு பிரதியில் மெல்லியதாகச் செய்யுங்கள். முதற் பதிவைத் தொடவே வேண்டாம்.

இதை நான் பட்டே அறிந்தேன். 1980களில் யாழ்ப்பாண நகரத்து ஒலிப்பதிவுக் கடையொன்றில் பட்டியலுக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்தவன் என்ற நினைப்பில், பல ஆண்டுகளின் பின் நண்பர் ஒருவரின் கோயில் கசெற்றைக் கணினியில் ஏற்றித் திருத்தினேன். கூட்டத்துப் பேச்சு, பிள்ளைகளின் அழுகை, உருப்படிகளுக்கு இடையில் வந்த செருமல் எல்லாவற்றையும் வெட்டி, வாசிப்பை மட்டும் துப்புரவாக்கிக் கொடுத்தேன். மூலக் கோப்பை அழித்துவிட்டேன். நண்பர் இரண்டு நாள் கழித்து வந்து, ‘இடையில ஒராள் ஆகா, ஆகா எண்டு சொல்லுவாரே, அது எங்கை?’ என்று கேட்டார். அது அவருடைய தகப்பனாரின் குரல். கசெற்றைத் திரும்பப் போட்டபோது நாடா பொறிக்குள் சிக்கி, அந்தப் பகுதி கசங்கிப் போயிற்று.

கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். அட்டைகளில் தகப்பனார் எழுதியிருப்பவற்றையும் இரு பக்கமும் படம் பிடித்து அதே கோப்புறையில் போடுங்கள். கம்பளித் துண்டு மாற்றுவது கடினமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். என்னிடம் வெற்றுக் கசெற்றுகள் சில மிச்சம் உண்டு.